மாப்பிள்ளைக்கு, உன் கேட்டைப் பற்றி

கணபதி, கோவை
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அமெரிக்காவிலிருந்து வந்து இத்தனை நாளாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று நீ தங்கச்சியிடம் முனகியது என் காதுக்கு வந்துவிட்டது. முனகிக்கொள். எனக்கு இப்போது உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது. ஃபோனில் திட்டினால் பாதியிலேயே "சிக்னல் இல்லடா மச்சான்" என்று வைத்துவிடுவாய். ஏற்காட்டில் சிக்னல் எப்போது போகும் என்பது உனக்குத்தான் எவ்வளவு வசதியாகத் தெரிகிறது! அதனால் கடிதம்.

நலம் விசாரிப்பை முடித்துவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. உன் அக்காவுக்கு முட்டிவலி. வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் உன் பேரிலும் மொய் எழுதிவிட்டேன். எவ்வளவு என்று நேரில் சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு கேள். பெருந்துறைக்காரன் இன்னும் அந்த ஸ்கூட்டரைத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, விஷயம் உன் ஏற்காட்டு வீட்டு வாசலில் மோட்டாரில் ஓடுகிற அந்த ஸ்லைடிங் கேட்தான். போன ஞாயிற்றுக்கிழமை பொழுதோட உன் மகன் கூப்பிட்டான். தீபாவளிக்குக் குழந்தையோடு வருகிறார்களாம், சந்தோஷம். பேச்சுவாக்கில், "கேட்டு இப்ப ஜம்முன்னு ஓடுதுங்க மாமா. பனி எறங்குனா பாதியில நின்னுக்குமே, அந்தத் தொல்லையே இல்லீங்க. சேலத்துல இருந்து வந்த ஆளு அந்தக் கண்ணோட ஒயரக் கட் பண்ணி முறுக்கி உட்டுட்டாருங்க" என்றான். குறுக்கே ஆள் வந்தால் கேட்டை நிறுத்துகிற சென்சார் அந்தக் கண், அதை வெட்டியதைப் போய் நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

நீ கேட்டாயே, மூன்று மாதம் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து என்னத்தைப் பார்த்தாய் என்று. பாலத்தைப் பார்த்தேன். அதன் முன்னால் உன் அக்கா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நிற்கும் படத்தை நீயும் பார்த்துவிட்டாய். அந்தக் கோல்டன் கேட் பாலம் திறந்தது 1937. அதே 1937இல்தான் நம் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தார்கள். இதை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மருமகனிடம் விளக்கினேன். "அப்படீங்களா மாமா" என்றான், பாவம்.

ஆனால் நான் ஆசையாகப் பார்த்தது பாலத்தை இல்லை, ஒரு கேட் மெக்கானிக்கை. சிரிக்காதே.

அந்த ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்கிறேன். தெருக்களெல்லாம் மேடு. ஃபில்பர்ட் என்று ஒரு தெரு, அதில் ஒரு துண்டு 31.5 சதவீதச் சரிவு, அதாவது நூறடி போனால் முப்பத்தோரடிக்கு மேல் ஏறுகிறாய். சரிவில் காரை நிறுத்தினால் முன்சக்கரத்தைத் திருப்பி நடைபாதைக் கல்லில் அண்டை கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இல்லாவிட்டால் அபராதச் சீட்டு. நம் மலையில் லாரிக்காரன் கல் வைப்பானே, அதற்கு இவர்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

அப்புறம் பனி. ஆடி மாதம் நம் பாலக்காட்டுக் கணவாயில் காற்று எப்படி நுழைந்து பொள்ளாச்சி, பல்லடம் வரைக்கும் வீசுகிறதோ, அப்படித்தான் அங்கேயும். உள்நாட்டுச் சமவெளி வெயிலில் காய்ந்து காற்று மேலே எழும்புகிறது. பக்கத்திலேயே குளிர்ந்த கடல். கடல் மேல் படுத்திருக்கும் பனியை அந்தப் பாலத்துக்கு அடியில் இருக்கும் ஜலசந்தி வழியாக உள்ளே இழுத்துவிடுகிறது. நமக்குக் கணவாய் கொடுப்பது காற்றாலை, அவர்களுக்குக் கிடைப்பது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மத்தியானம் வரைக்கும் ஈரம். அதுவும் உப்பு கலந்த ஈரம். இரும்பைத் தின்றுவிடும். அந்தப் பாலத்துக்கே வருஷம் பூராவும் பெயிண்ட் அடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்.

மகள் குடியிருப்பது நகரத்தின் மேற்கே, கடலைப் பார்த்த பக்கம். நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாகக் கீழே கார் நிறுத்துமிடம், அதற்கு ஒரு ஸ்லைடிங் கேட். ஒருநாள் வெள்ளென அது பாதியில் நின்றுவிட்டது. ஒரு கார்கூட வெளியே போக முடியவில்லை. மெக்கானிக் வந்தார், நம் வயதுதான் இருக்கும். நான் காப்பி டம்ளரோடு போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். நானும் இதே தொழில்தான் என்று சொன்னதும் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டார்.

அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. முதலில் பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அதற்கப்புறம்தான் சாவி போட்டு கியரை விடுவித்தார். கட்டையை எடுத்துவிட்டு, கேட்டைக் கையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். ஓரிடத்தில் கேட் முனகியது. குனிந்து பார்த்தால் கீழ்ச் சக்கரத்து பேரிங் துருப்பிடித்துச் சிவந்திருந்தது. கையில் ஓடாத கேட்டுக்கு மோட்டாரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை என்று நான் பசங்களிடம் கத்திக்கொண்டே இருப்பேனே, அதை இவர் வாயைத் திறக்காமல் செய்துகொண்டிருந்தார்.

அடுத்தது கண். தூணில் பதித்த சின்னப் பெட்டி, ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புவது, எதிர்ப்பக்கம் வாங்குவது. வாங்கும் பெட்டியைக் கழற்றினார். உள்ளே அரை ஸ்பூன் தண்ணீர், ஒரு குட்டி நத்தை, ஒயர் மாட்டும் திருகெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது போலக் களிம்பு. நம் ஊரில் போர்டைத் திறந்தால் பல்லியும் எறும்பும், அங்கே நத்தை. தண்ணீர் எப்படிப் போனது தெரியுமா? மழையில் இல்லை. பகலில் சூடாகிற பெட்டி ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே தண்ணீராகி நிற்கிறது. வெளியேற அடியில் ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். யாரோ புத்திசாலி அதையும் சிலிக்கான் வைத்து அடைத்திருந்தான்.

அவர் கையில் மாற்றுக் கண் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று குதித்தார். "இப்போதைக்கு அதை இல்லாமல் ஓட விடுங்களேன்" என்றார். மெக்கானிக் ஒன்றும் வாதாடவில்லை. இரண்டு ஒயரையும் முறுக்கிக் காட்டினார். கேட் அசையவில்லை! கண்ணிலிருந்து துடிப்புத் துடிப்பாக சிக்னல் வந்தால்தான் கேட்டை ஓட்டும் கன்ட்ரோல் போர்டு நம்புமாம், சும்மா மூடிய ஒயரை அது ஏற்றுக்கொள்வதில்லை. கண் உயிரோடு இல்லை என்று தெரிந்தால் தானாக ஓட மறுத்துவிடுகிறது. பட்டனை ஒருவர் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். அப்படியே எல்லாக் காரையும் வெளியே விட்டார். பிறகு கேட்டைத் திறந்த நிலையில் சங்கிலி போட்டுவிட்டு, புதுக் கண் வந்ததும் வருகிறேன் என்று போய்விட்டார்.

அமெரிக்காவில் மோட்டார் கேட்டுக்கென்று யூஎல் 325 என்று ஒரு பாதுகாப்பு விதி. 2016இலிருந்து அது இன்னும் கறாராகிவிட்டது. ஆள் மாட்டக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்றையொன்று நம்பியிராத இரண்டு காவல் வேண்டும். ஒன்று மோட்டாருக்குள்ளேயே இருப்பது, எதிலாவது முட்டினால் உணர்ந்து திரும்புவது. இன்னொன்று வெளியே கண்ணோ, ஓரத்தில் அமுங்கும் ரப்பர் பட்டையோ. அந்த இரண்டாவது வேலை செய்கிறதா என்று போர்டே சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். கேட் செய்வதற்கும் தனியாக விதி இருக்கிறது, மோட்டாரைக் கழற்றினால் கேட் தன் எடையிலேயே உருண்டு போகக் கூடாது என்று. சரிவான ஊரில் இதை எழுதி வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும். இந்த வேலைக்கென்றே கலிபோர்னியாவில் டி-28 என்று தனி லைசென்ஸ் பிரிவு இருக்கிறது. கேட் மெக்கானிக்குக்கு லைசென்ஸ்! நம் கடை ரோட்டில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அவர் "முடியாது" என்று சொன்னால் அவர் பின்னால் ஒரு புத்தகம் நிற்கிறது. நான் சொன்னால், "அட, அவன் ரேட்டை ஏத்தறான்" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது உன் கேட்டுக்கு வருகிறேன், மாப்ளே. கவனமாகப் படி.

உன் கேட் 14 அடி, முழுத் தகடு அடித்தது, 300 கிலோவுக்குக் குறையாது. மூடும்போது அது இறக்கத்தில் ஓடுகிறது. மழையில் சேறு சேர்ந்து மேட்டில் திறக்கத் திணறியதால் உன் ஆள் போர்டில் ஃபோர்ஸ் திருகைக் கடைசி வரைக்கும் ஏற்றி வைத்திருக்கிறான், அதையும் உன் மகனே சொன்னான். ஃபோர்ஸை ஏற்றினால் முட்டியதை உணரும் காவல் போய்விட்டது என்று அர்த்தம். கண்ணையும் வெட்டியாகிவிட்டது. தானாக மூடும் டைமர் மட்டும் ஜோராக வேலை செய்கிறது. ஆக, முழுப் பலத்தோடு, இறக்கத்தில், யார் குறுக்கே நிற்கிறார்கள் என்று பார்க்காமல் மூடுகிற ஒரு இரும்புச் சுவர் உன் வாசலில் இருக்கிறது. பனி இறங்கினால் பத்தடிக்கு அந்தப்பக்கம் உனக்கே தெரியாது. நாலு வயதுப் பேரன் கையில் ரிமோட்டைப் பார்த்தால் விடுவானா?

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. பயப்பட்டாலும் நல்லதுதான்.

அந்தக் கண் பனியால்தான் நின்றது என்பதையே நான் முழுசாக நம்பவில்லை. கண்ணாடியில் பனித்துளி கோத்திருக்கும், இல்லாவிட்டால் ஒட்டடை. மழையில் மண் இளகித் தூண் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் நேர்க்கோடு போய்விடும். சாய்ந்த கண்ணுக்கு வெயிலில் எப்படியோ எட்டும், பனியில் எட்டாது. அனுப்பும் பெட்டியை உன் ஃபோனின் முன்பக்க கேமரா வழியாகப் பார், லேசாக ஊதா வெளிச்சம் தெரிந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. எல்லா ஃபோனிலும் தெரியாது, தெரியவில்லை என்றால் உடனே தூக்கிப் போட்டுவிடாதே.

நான் வரும்வரை அந்த கேட்டை மோட்டாரில் ஓட்டாதே. ஆனால் ஒன்று, உன் அவசரப் புத்தி எனக்குத் தெரியும். கடிதத்தைப் படித்த கையோடு போய்ச் சாவியைத் திருகி கியரை விடுவித்துவிடாதே! கியர் பிடித்திருக்கும்வரைதான் அந்த கேட் சரிவில் நிற்கிறது. விடுவித்தால் மொத்தமும் தானாக இறங்கும். பட்டனில் முழுசாகத் திற, திறந்த நிலையில் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வை, அப்புறம் மெயினை அணை. ராத்திரி காட்டெருமை வந்து தங்கச்சியின் ரோஜாவைத் தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். உங்க அப்பாரு ஆட்டுப்பட்டிக்கு ஒரு படலை வைத்துக்கொண்டு ஆயுசு பூராவும் ஓட்டினார். பத்து நாள் உனக்கு ஒரு படல் போதாதா?

வருகிற வெள்ளிக்கிழமை சின்னவனோடு கிளம்புகிறேன். பனித்துளி படாமல் மேலே மூக்கு மாதிரி மறைப்பு வைத்த புதுக் கண் ஒரு ஜோடி, ஓர ரப்பர் பட்டை, பேரிங், எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். போர்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அந்தக் காசைத் தருவாய். கூலி வேண்டாம், மொய்க் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஆள் நடந்து போகத் தனியாக ஒரு சின்னக் கதவு வைத்துவிடலாம் என்றும் எனக்கு யோசனை. கார் போகிற வழியில் மனிதர் நடக்கவே கூடாது என்பதுதான் அந்த மெக்கானிக் கடைசியாகச் சொன்னது. நீ கல்சுவரை இடிக்க விடமாட்டாய், தெரியும், நேரில் சண்டை போட்டுக்கொள்வோம்.

இரண்டு தூணுக்கும் நடுவே எத்தனை அடி, கண் தரையிலிருந்து எத்தனை உயரம், இரண்டையும் அளந்து மகன் மூலமாக அனுப்பு. போர்டின் படமும் வேண்டும். மூடியைத் திறக்குமுன் மெயின் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்.

சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வருகிறேன். நீ முன்னாடியே வாங்கி வைக்காதே, உன் மலை ஈரத்தில் தட்டுவடை நமுத்துவிடும். தங்கச்சிக்கு என் அன்பு. களியும் கீரையும் செய்யச் சொல்.

உன் மச்சான்,
சுப்பு

பி.கு.: அந்தச் சேலத்து ஆளை நான் வரும்போது வரச் சொல்ல முடியுமா? திட்டுவதற்கு இல்லை. சின்னப் பையன் என்றான் உன் மகன், கூட நின்று பார்த்தால் அடுத்த வீட்டில் இப்படி முறுக்க மாட்டான்.