‘அருளர்’ பற்றி எழுதியவர்கள் அதைக் கேட்டார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2005இல் வந்த, பாடகி எம்.ஐ.ஏ. என்ற மாயாவின் ‘அருளர்’ இறுவட்டைப் பற்றி நேயர்களின் கருத்துகளைக் கேட்டு உங்கள் ஞாயிறு பக்கத்தில் போட்டிருந்தீர்கள். நல்ல காரியம். எங்கள் பத்திரிகைகளில் மாயாவைப் பற்றி வருவதெல்லாம் எந்த மேடையில் என்ன உடுத்தினார், யாரோடு சண்டை பிடித்தார் என்பதுதான், அதனால் பாட்டுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியதற்கே நன்றி சொல்லவேண்டும். ஆனால் வாசித்து முடித்தபோது எரிச்சல்தான் மிஞ்சியது. எழுதியவர்களில் பாதிப்பேர் “எங்கட பிள்ளை எங்கட பிரச்சினையை உலகத்துக்குச் சொன்னது” என்று பூரிக்கிறார்கள், மற்றப் பாதி “புலிப்படத்தை ஒட்டிக் காசு பார்த்தவர்” என்று திட்டுகிறார்கள், இரண்டு பக்கத்திலும் ஒருவராவது இன்ன பாட்டில் இன்னது நடக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லை. அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள், அப்பாவின் பெயரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். காதால் கேட்டு எழுதியவர்கள் குறைவு.

முதலில் அந்த அப்பாவின் விஷயம். “புலித் தலைவர் ஒருவரின் மகள்” என்று ஒருவர் எழுதியதை நீங்களும் அப்படியே அச்சடித்துவிட்டீர்கள். அருளர் என்ற அருள்பிரகாசம் புலி இல்லை. 1975இல் லண்டனில் தொடங்கிய ஈரோஸ் என்ற வேறொரு ஈழ இயக்கத்தின் ஆரம்பகாலத்து ஆட்களில் ஒருவர், லெபனானுக்குப் போய்ப் பாலஸ்தீன இயக்கத்திடம் பயிற்சி எடுத்தவர், ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர், 2019இல் இறந்துபோனார். ஆங்கிலப் பத்திரிகைகள் பல அந்தக் காலத்தில் அவரைப் புலி என்றே எழுதின, அவர்களுக்கு ஈழத்து இயக்கங்கள் எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஈரோஸ் எது, புலி எது என்று அந்தக் காலத்தில் சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கதைத்த ஊர்க்காரர் நாங்கள், நாங்களுமா அதைத் திருப்பி எழுதுவது?

இந்த இறுவட்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்பதையும் ஒருவரும் தொடவில்லை. மாயா சின்னவராக யாழ்ப்பாணத்தில் இருந்தபோது அப்பா தலைமறைவு. வீட்டுக்கு வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை மாமா என்றுதான் சொல்லிவைத்திருந்தார்களாம். பெயரைப் போட்டால் அந்த மனிதர் தேடி வருவார் என்ற எண்ணமும் இருந்தது என்று மாயாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வந்தது என்னவோ பெயரை மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல், மகள் மாற்றவில்லை. இதை இயக்கத்துக்குச் செய்த பிரசாரம் என்று வாசிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. கூடவே இல்லாத தகப்பனோடு ஒரு மகள் போட்ட சண்டை என்று வாசித்தால் பல பாட்டுகள் பிடிபடுகின்றன. இரண்டாவது இறுவட்டுக்கு அம்மாவின் பெயரை, ‘கலா’ என்று வைத்தார். வீட்டை நடத்தியது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, எல்லோரும் கோபப்படும் ‘சன்ஷவர்ஸ்’ பாட்டுக்கு வருவோம். அதில் பி.எல்.ஓ. என்ற பாலஸ்தீன விடுதலை இயக்கம் மாதிரி நானும் சரணடைய மாட்டேன் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. அந்த வரியால்தான் அமெரிக்காவில் எம்ரிவி என்ற இசைத் தொலைக்காட்சி அந்த வீடியோவுக்கு முட்டுக்கட்டை போட்டது, அந்த வரியை வைத்துத்தான் உங்கள் நேயர்கள் மூன்று நான்கு பேர் “பயங்கரவாதத்துக்கு வக்காலத்து” என்று எழுதியிருக்கிறார்கள். லெபனானில் பயிற்சி எடுத்தவரின் மகள் அந்த மூன்று எழுத்தை எங்கிருந்து எடுத்திருப்பார் என்று யோசித்திருக்கலாம். அது வீம்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒரு முழுக் கதை கிடக்கிறதே, அதை ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை?

கதை இதுதான். ஒரு பெடியன். பல்லில் கோல்கேட், காலில் ரீபொக், வேலை நைக்கி செய்யும் தொழிற்சாலையில், உழைப்பது வீட்டுக்கு. அவனை மடக்கிப் பிடித்து, ஒரு படத்தைக் காட்டி, இந்த முஸ்லிம் ஆட்களோடு நிற்பது நீதானே என்று கேட்கிறார்கள். அவர்களைத் தெரியாது, நான் அங்கே இருக்கவே இல்லை என்கிறான். சுவரோடு நிறுத்திச் சுட்டுப்போடுகிறார்கள். கடைசியில் நியூஸ்வீக் என்ற அமெரிக்கச் செய்தி இதழில் வருகிறான். பயங்கரவாதத்தைப் புகழ்கிறது என்று சொல்லப்படும் பாட்டின் நடுவில் இருப்பது சந்தேகத்தில் கொல்லப்பட்ட ஒரு கூலிக்காரப் பெடியன். இது எந்த நாட்டில் நடக்கிறது என்று பாட்டில் இல்லை. எங்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. ஆமியின் சுற்றிவளைப்பில் ஊரையே வரிசையில் இருத்தி, ஆளைக் காட்டிக்கொடுக்க, சாக்கால் முகத்தை மூடி வைத்திருந்த தலையாட்டியின் முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்ட காலம் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். அந்தத் தலை ஒருதரம் ஆடினால் அவ்வளவுதான், வாகனத்தில் ஏற்றுவார்கள். படத்தைக் காட்டிக் கேட்பதும் அதே முறைதான். உலகத்தில் இந்த வரிகளை அகராதி இல்லாமல் விளங்கிக்கொள்ளக்கூடிய நேயர்கள் நாங்கள், நாங்களோ அட்டையில் எத்தனை புலி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பாட்டு தனியாக வெளிவந்தது 2004இல். 2005 ஜூலை 7இல் லண்டனில் குண்டுகள் வெடித்தன, இரண்டு கிழமை கழித்து, ஜூலை 22இல், ஸ்டொக்வெல் ரயில் நிலையத்தில் ஜான் சார்ல்ஸ் டி மெனெசெஸ் என்ற பிரேசில் நாட்டு மின்சார வேலைக்காரரைப் பொலிஸ் வேறு ஆள் என்று நினைத்துச் சுட்டுக் கொன்றது. வயது 27. பாட்டு முந்தி, சாவு பிந்தி. மாயாவுக்குத் தீர்க்கதரிசனம் இருந்தது என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அகதியாக வந்து கவுன்சில் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கு, மண்ணிறத் தோலைப் பார்த்ததும் துவக்கு எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

பெருமைப்படும் கூட்டத்துக்கும் ஒரு கேள்வி. ‘10 டொலர்’ பாட்டைப் பற்றி ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை? உடம்பை முதலாக வைத்துப் பிழைக்கும் ஒரு பெண்பிள்ளை, விசாவுக்காக ஒருவனோடு சேர்ந்து, ஒரு வருடத்தில் காலூன்றியதும் அவனுக்கே டாட்டா காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். மாயா அவளைக் கண்டிக்கவும் இல்லை, அவளுக்காக அழவும் இல்லை. எனக்கு இந்த இறுவட்டிலேயே அதிகம் பிடித்தது இதுதான். அகதி என்றால் அழுதுகொண்டு கைநீட்டி நிற்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற வெள்ளைக்காரனுக்கும் இது பிடிக்காது, எங்கள் கலாசாரக் காவலர்களுக்கும் பிடிக்காது. கடவுச்சீட்டுக்காக என்னென்ன நடந்தது என்று எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும், கலியாண வீட்டில் மட்டும் கதைக்கமாட்டோம்.

“வெறும் இரைச்சல், மெட்டே இல்லை” என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லைதான், அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் அந்த இரைச்சலுக்கு ஊர் பெயர் உண்டு என்று சொல்லலாம். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றை மின்னணுத் தாளப் பெட்டியில் தாளம் கட்டி வீட்டிலிருந்தே தொடங்கிய வேலை இது. ‘பக்கி டன் கன்’ பாட்டின் அடித்தளம் பிரேசிலின் ரியோ நகரத்து ஃபவேலா என்ற சேரிகளில் பெடியள் ஆடும் ஃபங்க் தாளம், மற்றப் பாட்டுகளில் ஜமெய்க்கா வருகிறது, லண்டன் தெருப் பேச்சு வருகிறது. ஏழைகள் குடியிருக்கும் இடத்துச் சத்தங்களை ஒன்றோடு ஒன்று மோதவிட்டிருக்கிறார். ஹிப்ஹொப் என்ற பெட்டியில் இதை அடைக்க ஆங்கில விமர்சகர்கள் பட்ட பாடு தனிக்கதை. இந்த இறுவட்டின் அரசியலில் பாதி அந்தத் தாளங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம், வரிகளை மட்டும் தோண்டுகிறவர்களுக்கு அது அகப்படாது.

அப்புறம், நீங்கள் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்த ஒரு சகோதரியின் கருத்து. புலிகளால் கொல்லப்பட்ட தமிழருக்கு இந்த இறுவட்டில் ஒரு வரியாவது உண்டா என்று கேட்டிருந்தார். அந்தப் பக்கத்தில் மேலே வந்திருக்கவேண்டியது அதுதான். இல்லை, ஒரு வரியும் இல்லை. 1986இல் தெருவில் வைத்து டெலோ என்ற மற்ற இயக்கத்துப் பெடியளைச் சுட்டதும் இல்லை, 1990இல் வடக்கு முஸ்லிம்களை ஊரைவிட்டே விரட்டியதும் இல்லை. முஸ்லிம்களோடு நின்றாயா என்று கேட்டு ஒருவனைக் கொல்லும் கதையைச் சொல்லிவிட்டு, அட்டையில் புலியையும் தாங்கியையும் துவக்கையும் சேர்த்து அச்சடிப்பது எப்படி என்று அந்தச் சகோதரி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 1986 வாக்கில் பத்துப் பதினொரு வயதில் நாட்டைவிட்டு வந்த பிள்ளைக்கு ஆமியின் குண்டுதான் நினைவில் இருந்திருக்கும், மற்றதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும், அதை அவர் செய்தாரா என்று இந்த இறுவட்டை வைத்துச் சொல்ல முடியாது. அந்த அட்டையை நான் காப்பாற்றப் போவதில்லை. பாட்டுகளை அட்டைக்காகக் குப்பையில் போடவும் மாட்டேன்.

பிற்காலத்தில் மாயா தடுப்பூசி பற்றியும் வேறு விஷயங்கள் பற்றியும் பேசியதைக் கொண்டுவந்து “அப்பவே தெரியும்” என்று முடிக்கிற இரண்டு கடிதங்களும் இருந்தன. 2020இல் சொன்னதை வைத்து 2005இல் பாடியதை அளப்பது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை, அதைவிட்டுவிடுகிறேன்.

இந்தப் பகுதியைத் தொடரப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள், தொடருங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கருத்து அனுப்புகிறவர் எந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறார் என்பதைப் பெயருக்கு மேலே கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள், குறிப்பிடாத கடிதங்களைப் போடாதீர்கள். அந்தச் சகோதரியின் கடிதத்தையும் வெட்டாமல் முழுதாகப் போடுங்கள், நீங்கள் போட்டது நடுவில் அறுந்து நிற்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகன், லண்டன்