விருந்துக்கு மறுநாள் பக்கம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டிகை வருகிறது என்றால் பத்து நாளைக்கு முன்பிருந்தே விருந்துச் சமையல் குறிப்புகளாகப் போட்டுத் தள்ளுகிறீர்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே அவற்றைக் கத்தரித்து வைத்துக்கொள்கிற ஆள்தான். ஆனால் பத்துப் பேருக்குச் சமைத்து, ஏழு பேர் வந்து, அதிலும் மூன்று பேர் பேருக்குக் கொறித்துவிட்டுப் போன வீட்டில் மறுநாள் காலை ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உங்கள் பத்திரிகையில் ஒரு வரி உண்டா? ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன், அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில்தான். ஹோட்டல்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நம் பாத்திரம்தான்.

மீந்ததை சூப் வைத்துவிடுங்கள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த சூப் முந்தின ராத்திரியே ஆரம்பமாகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. போன வருடம் நான் எலும்பையெல்லாம் ஒரு பெரிய குண்டானில் போட்டு வேகவைத்துவிட்டு, அசதியில், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நுரை, ஒரு புளித்த வாடை. அத்தனையும் சாக்கடைக்குப் போனது. குண்டான் பெரிதாக இருந்தால் நடுவில் இருப்பது ஆற மணிக்கணக்கில் ஆகும், 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கும் அந்த வெதுவெதுப்புதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். திரும்பக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. சில கிருமிகள் விட்டுவைக்கிற நச்சு கொதித்தாலும் போகாது, வெளியிலேயே கிடந்த சோற்றில் இந்த ஆபத்து உண்டு. அதனால் இப்போதெல்லாம் அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், வெக்கை 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான் கணக்கு.

சரி, சூப்புக்கு வருவோம். கோழி எலும்பு மூழ்குகிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர், ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு மிளகு, அவ்வளவுதான். தீயைக் குறைத்து, ஒரு குமிழ் வந்து உடைந்த பிறகு அடுத்த குமிழ் வருகிற மாதிரி 3 மணி நேரம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து கலங்கலாகிவிடும். வடிகட்டிக் குளிரவைத்தால் மறுநாள் அது ஆடுகிற ஜெல்லி மாதிரி கட்டியிருக்கும், எலும்பிலும் தோலிலும் இருக்கிற கொலாஜன் என்கிற புரதம், ஆறினால் உறைகிற ஜெலட்டினாக மாறியதால் வருவது அது. எங்கள் வீட்டிலேயே ஒருவர் கெட்டுப்போச்சு என்று கொட்டப் போனார், ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மேலே வெள்ளையாகப் படிந்திருக்கும் கொழுப்பை ஸ்பூனால் அப்படியே தூக்கி எடுத்துவிடலாம், சூடு காட்டினால் மிச்சம் மறுபடி தண்ணீராகிவிடும்.

உப்பைக் கடைசி வரை தொடாதீர்கள். விருந்துக்குச் செய்த இறைச்சியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சூப் சுண்டச் சுண்ட அது ஏறிக்கொண்டே போகும். உப்புக் கரித்தால் ஒரு உருளைக்கிழங்கைப் போடு, உறிஞ்சிக்கொள்ளும் என்று ஒரு வைத்தியம் உலவுகிறதே, அது உப்பை மட்டும் தேடிப் பிடித்து உறிஞ்சாது, தண்ணீரோடு சேர்த்துத்தான் இழுக்கும். வெந்நீர் ஊற்றி நீர்க்கவைப்பதுதான் வழி. மீந்த மசித்த உருளைக்கிழங்கு இருந்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கரண்டி கரைத்தால் சூப் நன்றாகக் கெட்டிப்படும்.

வெந்த காய்கறியும் கறித்துண்டும் கடைசிப் பத்து நிமிடத்தில் போட்டால் போதும். ஏற்கெனவே வெந்ததை மறுபடி மூன்று மணி நேரம் வேகவைத்தால் காய் கூழாகும், கறி நார் நாராகும். முட்டைக்கோஸை எலும்போடு போட்டுவிட்டால் வீடே நாறும். பால், கிரீம் எல்லாம் அடுப்பை அணைத்த பிறகு, இல்லாவிட்டால் திரிந்துவிடும். இனிப்புப் பூசிய எதுவும், எண்ணெயில் பொரித்த எதுவும் வேண்டவே வேண்டாம், சூப் பானை ஒன்றும் குப்பைத்தொட்டி இல்லையே.

ஃபிரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும், ஃப்ரீசரில் 2, 3 மாதம். டப்பாவின் மேல் தேதி எழுதுங்கள், உள்ளே இருப்பது என்ன என்றும் எழுதுங்கள். என் ஃப்ரீசரின் அடித்தட்டில் பழுப்பாக ஒன்று கட்டிக் கிடக்கிறது, சூப்பா கிரேவியா, எந்தப் பண்டிகையோடது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி