கண்காட்சி மேசையில் இடம்பெறாத மடக்குக் கத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு விழாக்களிலும் முன்னாள் மாணவர் சந்திப்புகளிலும் மண்டபத்தின் ஓரமாக மேசை போட்டு ரப்பர் தோட்டத்துப் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது இப்பொழுது நல்ல வழக்கமாகிவிட்டது. ரப்பர் பால் வெட்டும் உளி, பால் ஏந்தும் மங்கு, வாளி, வாளிகளைத் தோளில் சுமக்கும் காண்டாக் கம்பு, தலைவிளக்கு ஆகியவற்றோடு அம்மியும் திருகையும் பித்தளைக் குடமும் அங்கே தவறாமல் இருக்கும். இவற்றை வீடு வீடாகத் தேடிச் சேர்க்கும் இளைஞர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் சுங்கை சிப்புட்டிலும் சுற்று வட்டாரத்திலும் நான் பார்த்த எந்த மேசையிலும் ஒரு மடக்குக் கத்தி இருந்ததில்லை. அந்தக் குறையை உங்கள் நாளிதழின் வழியாகப் பள்ளி வாரியங்களின் கவனத்திற்குக் கொண்டுவரவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சின்னப் பொருள்தானே என்று சிலர் நினைக்கக்கூடும். உளியும் வாளியும் வேலைக்கு உரியவை. எங்கள் தோட்டத்தில் அவற்றை ஸ்டோரில் பெயரெழுதிக் கொடுத்தார்கள், தேய்ந்தால் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ள வேண்டும். மடக்குக் கத்தியோ தொழிலாளி தன் காசைப் போட்டு, கடையில் நான்கைத் திறந்து மூடிப் பார்த்து, தனக்கென்று வாங்கியது. அது ஆண்களின் இடைவாரிலும் பெண்களின் சுருக்குப் பையிலும் கிடந்தது. இன்றைய கண்காட்சி மேசையைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் முன்னோர் மரம் சீவினார்கள், பால் சுமந்தார்கள் என்பது விளங்கும். பால் நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்பது விளங்காது. உழைத்த கூட்டமாக மட்டுமே நம்மை நாமே காட்டிக்கொள்கிறோமோ என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு முதல் மடக்குக் கத்தி என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, வாங்கிக் கொடுத்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்து, டவுனில் இருந்த இடைநிலைப் பள்ளியில் முதல் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்புக்கு நான் புறப்பட்ட 1960-களில், பிள்ளைகள் பென்சில் சீவுவதற்குச் சவர பிளேடை இரண்டாக உடைத்துப் புத்தகத்தின் நடுவில் செருகி வைத்திருப்பார்கள். விரல் அறுபடாத பிள்ளை வகுப்பில் இருக்காது. அப்பாயிக்கு அது பிடிக்கவில்லை. சம்பளம் போட்ட மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு டவுனில் இருந்த சீனர் இரும்புக் கடைக்குப் போய், தம் ஒருநாள் கூலியை ஏறக்குறைய விழுங்கிவிடும் விலையில் ஒன்றை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா, "பொட்டப் புள்ளைக்கு எதுக்கும்மா கத்தி?" என்று கேட்டதும், "பென்சிலு சீவத்தான். உனக்குக் குடுத்தா கவட்டைக்குக் கொப்பு வெட்டப் போயிருவே" என்று அப்பாயி வாயை அடைத்ததும் எங்கள் வீட்டில் நெடுநாள் சிரிப்புக்கு உரியதாக இருந்தது.

அது ஒரே அலகு கொண்ட, என் உள்ளங்கைக்குள் அடங்கும் கத்தி. இரு பக்கமும் கருமரப் பிடி, முனைகளில் பித்தளைப் பூண், அலகின் அடியில் சோலிங்கன் என்றும் மேற்கு ஜெர்மனி என்றும் பொறித்த எழுத்து. ஜெர்மனியில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஊர் சோலிங்கன். அவ்வூரின் பெயரைக் கண்டவர்களும் பொறித்து விற்பதைத் தடுக்க 1938-ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் இயற்றினார்கள். மேற்கு ஜெர்மனி என்ற பெயரில் ஒரு நாடு 1949 முதல் 1990 வரையில்தான் இருந்தது என்பதால், அந்த எழுத்தைப் பார்த்தே கத்தியின் காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ரோஜர்ஸ் நிறுவனத்தின் நட்சத்திரமும் சிலுவையும் பொறித்த கத்திகளும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடுகளெங்கும் விற்பனையாயின. பழைய டிரங்குப் பெட்டியைக் குடையும் வாசகர்கள் அலகின் அடிப்பாகத்தை ஒருமுறை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. நம் முன்னோர் கைவசம் வைத்திருந்த பொருள்களில் ஊரும் காலமும் இவ்வளவு தெளிவாகப் பதிந்தவை அதிகம் இல்லை.

மடக்குக் கத்தியின் நுட்பம் எளிமையானது. பிடியின் முதுகில் நீளமான எஃகு வில் ஒன்று உண்டு. அலகின் அடிக்கட்டையை அது எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். அந்த அழுத்தத்தினால்தான் திறந்த அலகு திறந்தபடியும் மூடிய அலகு மூடியபடியும் நிற்கின்றன. பூட்டு எதுவும் கிடையாது. நகத்தை வைத்து இழுப்பதற்கு அலகில் ஒரு சிறு பள்ளம் இருக்கும், அவ்வளவுதான். பூட்டு இல்லாததால், நுனியால் குத்தினாலோ முதுகுப் பக்கமாக அழுத்தினாலோ அலகு மடங்கிக் கையைப் பதம் பார்த்துவிடும். ஆகவே இந்தக் கத்தியை வைத்திருப்பவர் சீவவும் அரியவும் மட்டுமே பழகிக்கொள்கிறார். இதை ஆயுதமாக எண்ணி அஞ்சுகிறவர்கள் அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

அப்பாயி அதை எனக்கு உடனே தந்துவிடவில்லை. சில வாரங்கள் அது அவருடைய சுருக்குப் பையிலேயே இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் என் கைக்கு வரும். திறந்த கத்தியோடு நடக்கக் கூடாது. பிறருக்குக் கொடுப்பதானால் மூடிக் கீழே வைக்க வேண்டும், அவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள். அந்த நம்பிக்கையைப் பலர் இன்று மூடப்பழக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் ஒரு கத்தியைப் பற்றாமல் தடுப்பதற்கு அதைவிடச் சுருக்கமான விதியை நான் எந்தப் பாதுகாப்புக் கையேட்டிலும் படித்ததில்லை.

சீவக் கற்றுக்கொடுத்த விதம் இன்னும் சிறப்பானது. பழுக்காத மாங்காயின் தோலை அறுபடாமல் ஒரே நாடாவாகச் சீவ வேண்டும், தோலில் சதை ஒட்டியிருக்கக் கூடாது. அலகைத் தள்ளாமல் காயை மெல்லத் திருப்பச் சொல்வார். இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பது பிற்காலத்தில்தான் எனக்குப் புரிந்தது. ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவும்போது உளி, பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொட்டுவிடக் கூடாது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட வேண்டும். அதற்கு மேல் விட்டால் பால் குறையும், அதைத் தாண்டி வெட்டினால் மரத்தில் காயம் விழுந்து புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் மாவட்டத் தலைநகரான கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளைப் பற்றியும் அவை சொல்கின்றன. அந்த முறையை விடியற்காலை இருட்டில், தலைவிளக்கின் வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் நிறைவேற்றிய கைகளைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை. அப்படிப்பட்ட ஒரு கை ஓய்வாக இருந்த வேளையில் மாங்காய்த் தோலில் எனக்குப் பாடம் நடத்தியது.

அந்த ஒரு கத்தி செய்த வேலைகளுக்குக் கணக்கில்லை. அரிசி மூட்டையின் தையலைப் பிரிப்பது, முருங்கைக் கொத்தை ஒடிக்காமல் அறுப்பது, மரவள்ளிக் கிழங்கின் தோலைக் கீறி உரிப்பது, காலில் ஏறிய முள்ளை எடுப்பது எல்லாம் அன்றாட வேலைகள். மாரியம்மன் கோவில் திருவிழா வந்தால் தென்னங்குருத்தை வகிர்ந்து தோரணம் பின்னவும், வாழை இலையை அளவாக நறுக்கவும், எலுமிச்சம்பழம் அரியவும் அதுவே வேண்டும். பிள்ளை பெற்ற வீட்டில் காற்றுக் கருப்பு அண்டாதிருக்க இரும்பு வைப்பது வழக்கம் ஆகையால், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் பல தூளிகளுக்கு அடியில் மடக்குக் கத்திதான் காவல் இருந்தது. பையன்கள் கொய்யாக் கிளையில் கவட்டை செய்தார்கள். சித்தப்பாவும் அதற்காக என்னிடம் இரவல் கேட்டார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி 1913-லேயே உருவாக்கியிருந்தாலும், எங்கள் கைக்கு வந்தது பழைய கார்பன் எஃகுதான். மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் அலகு கறுத்துவிடும். வாழைக்காய்க் கறை ஒட்டிக்கொண்டு விடாது. வேலை முடிந்ததும் துணியால் துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூட வேண்டும். உளி தீட்டும் கல்லிலேயே இதையும் தீட்டினோம். பல ஆண்டுகள் தீட்டித் தீட்டி அலகின் வயிறு உள்வாங்கிப்போன கத்திகளை முதியவர்களிடம் பார்த்திருக்கிறேன். அந்தத் தேய்மானமே அவர்களுடைய வாழ்க்கைக் குறிப்பு என்று தோன்றும்.

இது வழக்கொழிந்த காரணங்களை நீட்டி எழுத வேண்டியதில்லை. பென்சில் துருவி வந்தது. ஜப்பானில் 1956-இல் கண்டுபிடித்த, நுனியை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் கத்தி எல்லாக் கடைகளிலும் மலிவாகக் கிடைத்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். இவற்றோடு அச்சமும் சேர்ந்துகொண்டது. பொது இடத்தில் சட்டபூர்வமான காரணம் இல்லாமல் தாக்குதலுக்குரிய ஆயுதம் வைத்திருப்பதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாகத் தண்டிக்கிறது. குண்டர் கும்பல்களால் நம் பிள்ளைகள் சீரழிந்ததைக் கண்ணால் கண்ட ஆசிரியை என்ற முறையில் அந்தக் கடுமை எனக்கு உடன்பாடே. பள்ளிப் பையில் எந்தக் கத்தியும் வேண்டாம் என்பதும் சரிதான். ஆனால் பள்ளிப் பையில் கூடாத ஒன்றை, கண்ணாடிப் பேழைக்குள்ளும் வைக்கத் தயங்குவது தேவையற்றது. கத்தி என்றாலே பத்திரிகையின் குற்றச் செய்திப் பக்கம் மட்டுமே நினைவுக்கு வரும் ஒரு தலைமுறைக்கு, அது வீட்டுப் பெண்களின் சுருக்குப் பையில் வெற்றிலைப் பாக்கோடு கிடந்த பொருள் என்பதைக் காட்டுவது நல்ல பாடமாகவே அமையும்.

ஆகையால் கண்காட்சி நடத்துவோர் அடுத்த முறை பழம்பொருள் கேட்டு வீடுகளுக்குப் போகும்போது, உளியும் வாளியும் இருக்கிறதா என்பதோடு மடக்குக் கத்தி இருக்கிறதா என்றும் விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கிடைத்ததைப் பளபளப்பாக்கும் ஆசையில் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டாம். கறுத்த அலகும் தேய்ந்த எழுத்தும் அப்படியே இருக்கட்டும். உலர்ந்த துணியால் துடைத்து, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயை மெல்லிதாகப் பூசினால் போதும். நெடுநாள் வைப்பதற்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, அது பிசுபிசுத்துக் கீலை இறுக்கிவிடும். தோல் உறைக்குள் போட்டு வைக்கவும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துப் பித்தளையில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அருகில் ஓர் அட்டையில் அது யாருடையது, எந்தத் தோட்டம், எங்கே வாங்கியது, எதற்கெல்லாம் பயன்பட்டது என்ற நான்கு விவரங்களை எழுதி வைக்க வேண்டும். அட்டை இல்லாத கத்தி வெறும் பழைய இரும்பு.

இந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள் என்பதால், தங்கள் ஞாயிறு பதிப்பில் சில வாரங்களுக்குச் சிறிது இடம் ஒதுக்கி, வாசகர்கள் தங்கள் குடும்பத்து மடக்குக் கத்தியின் படத்தையும் அதன் கதையையும் அனுப்ப வழி செய்து தரவேண்டும் என்று தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் கத்தியின் படத்தையும் மேற்சொன்ன நான்கு விவரங்களையும் இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.