தகராறு நேரத்தில் லைன் சூப்பர்வைசர் பேச வேண்டியது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'லைன் சூப்பர்வைசர் தேவை' என்ற வரி விளம்பரம் திருப்பூரில் ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்கள் தெரிந்திருக்க வேண்டும், புரொடக்‌ஷன் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு நிபந்தனை முடிந்துவிடும். முப்பது பேர் உட்கார்ந்து தைக்கும் லைனில் இரண்டு பேருக்குள் தகராறு மூண்டால் என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று யாரும் கேட்பதில்லை, சொல்லிக்கொடுப்பதும் இல்லை. நேற்றுவரை பக்கத்து மெஷினில் தைத்தவரையோ, டிப்ளமோ முடித்த கையோடு வந்த இளைஞரையோ ஒரு நோட்டைக் கொடுத்து நிறுத்திவிடுகிறார்கள். பனியன் கம்பெனிகளில் ஆள் தங்குவதில்லை என்பதற்குக் கூலி, வாடகை எனப் பல காரணங்கள் உண்டு. சூப்பர்வைசரின் வாயும் அதில் ஒன்று.

பெரும்பாலான தகராறு ஆல்டரில், அதாவது குறை சரிசெய்யத் திரும்பி வரும் பீஸில் தொடங்குகிறது. செக்கிங்கிலிருந்து ஒரு பண்டல் திரும்பி வரும். பனியனுக்குக் கை வைத்துத் தைத்தவர், தோள் ஜாயிண்ட் இழுத்துக்கொண்டு வந்தது என்பார். தோள் தைத்தவர், கட்டிங்கே சரியில்லை என்பார். புதிய சூப்பர்வைசர் லைனின் தலைமாட்டில் நின்றபடி கத்துவார். மெஷின் சத்தத்திலும் ஃபேன் சத்தத்திலும் கத்தினால்தான் கேட்கும். ஆனால் கத்தினால் முப்பது தலையும் திரும்பும். அதற்கப்புறம் பேச்சு தையலைப் பற்றி இருக்காது, மானத்தைப் பற்றித்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது இது. குறையுள்ள ஒரு பீஸையும் பண்டல் சீட்டையும் எடுத்துக்கொண்டு மெஷினுக்கே போக வேண்டும். டெய்லரின் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். "ஏன் இப்படித் தெச்சீங்க?" என்று கேட்டால் பதில் சண்டையாகத்தான் வரும். "எந்த இடத்துல மாட்டுதுங்க?" என்று கேட்டால் கை தானாகக் குறையைத் தொட்டுக் காட்டும். மூன்று பீஸ் தைக்கச் சொல்லிப் பேசாமல் பார்க்க வேண்டும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கும் அல்லது லூப்பர் டைமிங் மாறியிருக்கும். அது மெக்கானிக் வேலை. ஜாயிண்ட் அலை அலையாக வந்தால், துணி இழுபடாதபடி அதை நகர்த்தும் மெஷினின் ஃபீடு சரிசெய்யப்படவில்லை. கையின் சுற்றளவு உடம்புப் பகுதியின் வெட்டைவிடப் பெரிதாக இருந்தால், பண்டலில் சைஸ் கலந்திருக்கிறதா என்று சீட்டைப் பார்க்க வேண்டும். இத்தனையும் இல்லையென்று ஆன பிறகுதான் டெய்லரின் கையைக் குறை சொல்ல இடம் உண்டு. அப்போதும் பேச்சு அந்த பீஸைப் பற்றி மட்டுமே. "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் போதும், பழைய கணக்கெல்லாம் வெளியே வந்துவிடும்.

அடுத்த காரணம் மணிக்கணக்கு டார்கெட். ஒரு ஆபரேஷனுக்கு அரை நிமிடம் என்று கணக்கிட்டால் மணிக்கு 120 பீஸ். ஆனால் அந்த லைன் 60 சதவீதத் திறனில்தான் ஓடுகிறது என்றால் வரக்கூடியது 72. போர்டில் 120 எழுதிவிட்டு 72-க்குத் திட்டுவது, நடக்காததைக் கேட்டுத் திட்டுவது. இன்னொரு தவறும் உண்டு. கை வைப்பவர் மணிக்கு 70 கொடுத்தால், அடுத்து சைடு தைப்பவர் 90 தைக்கக்கூடியவராக இருந்தாலும் சும்மா உட்காரத்தான் செய்வார். உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "வேலை இல்லையா?" என்றால் அவர் கோபம் முன்னால் இருக்கும் டெய்லர் மேல் பாயும். சண்டைக்கு வித்திட்டவர் சூப்பர்வைசர்தான், பெயர் மட்டும் அவர்கள் இருவருக்கும்.

இருவருக்குள் வாய்ச்சண்டை முற்றிவிட்டால் லைனிலேயே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒருவரைக் கட்டிங் பக்கம், மற்றவரைச் செக்கிங் டேபிள் பக்கம் அனுப்பித் தனித்தனியே ஐந்து நிமிடம் கேட்க வேண்டும். நடுவில் குறுக்கிடக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரிங்களா?" என்று உறுதிப்படுத்த வேண்டும். நோட்டில் தேதி, நேரம், நடந்தது மட்டும். 'திமிராகப் பேசினார்' என்று எழுதினால் அது சூப்பர்வைசரின் கருத்து; 'பண்டலைத் தரையில் எறிந்தார்' என்று எழுதினால் அது நடந்தது. பிறகு, "டீ முடிஞ்சு நாலரைக்குச் சொல்றேன்" என்று நேரம் குறித்தால் நாலரைக்குச் சொல்லியே ஆக வேண்டும், முடிவு எட்டாவிட்டாலும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு ஏழு மணிக்கு மேல் எந்தப் பஞ்சாயத்தும் வேண்டாம். களைத்த ஆளிடம் நியாயம் ஏறாது; மறுநாள் காலை பேசிக்கொள்ளலாம்.

வார்த்தை விஷயத்தில் கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, 'ங்க' இல்லாமல் இங்கே பேச்சே இல்லை. ஆனால் அந்த 'ங்க' கம்பெனி கேட்டைத் தாண்டியதும் பலருக்கு மறந்துபோகிறது. டெய்லருக்கு உதவும், வயதில் மூத்த கைமடிப் பெண்மணியை "ஏ புள்ள" என்பது, கோபத்தில் "வா, போ"வுக்கு இறங்குவது எல்லாம் சாதாரணமாகிவிட்டன. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களிடம் நிலைமை இன்னும் மோசம். சினிமா பார்த்து இந்தி பழகிய சூப்பர்வைசர் எல்லோரையும் 'தூ' என்கிறார். அறியாதவரை அப்படி அழைப்பது அவர்களுக்கு 'டேய்' போட்டது போல. 'ஆப்' என்ற ஒரு சொல்லும், 'கரோ'வுக்குப் பதில் 'கீஜியே'வும் தெரிந்தால் பாதிக் கோபம் குறையும். தமிழும் இந்தியும் தெரிந்த டெய்லரை மொழிபெயர்க்க வைக்கும்போது, அவர் சண்டையில் ஒரு பக்கத்தவரின் ஊர்க்காரரா, ஒரே அறையில் தங்குபவரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டெய்லராக இருந்து உயர்ந்தவருக்குத் தனிச் சிக்கல். டீக்கடையில் 'மச்சான்', லைனில் அதட்டல் என்றால் இரண்டுமே எடுபடாது. முதல் வாரத்திலேயே பழைய நண்பர்களிடம் தனித்தனியாக, "வெளியே நாம எப்பவும் போல, பீஸ் கணக்குல மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருப்பேன்" என்று சொல்லிவிடுவது நல்லது.

சூப்பர்வைசர் பேசித் தீர்க்கவே கூடாத விஷயங்களும் உண்டு. உடலைத் தொடுதல், ஆபாசப் பேச்சு, சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுதல், மிரட்டல். "ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க" என்று இங்கே சொல்வது பெரிய தவறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இன்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால்தான் சமரசம், அதிலும் பணம் கொடுத்து முடிக்க இடமில்லை. புகாரே சூப்பர்வைசர் மீது என்றால்? பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையே 2022 ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் அதற்கும் வழி வைத்தது: 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் வீதம், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். மற்ற கம்பெனிகளும் இதைக் கவனிக்கலாம்.

"நாளைக்கு வராதீங்க" என்று சொல்ல சூப்பர்வைசருக்கு அதிகாரம் கிடையாது. அந்த வாய்மொழி நீக்கம் பிறகு நிர்வாகத்தின் தலையில்தான் விடியும். "கூலி உயர்த்தி வாங்கித் தர்றேன்" என்பதும் அப்படியே. "கேட்டுட்டு நாளை மத்தியானத்துக்குள்ள சொல்றேன்" என்பதுதான் அவர் தரக்கூடிய வாக்குறுதி.

இதெல்லாம் நடக்க நிர்வாகமும் சிலவற்றைச் செய்ய வேண்டும். சண்டை போட்டவரை ஐந்து நிமிடம் எழுப்பினால் அந்த மெஷின் நிற்கும், பின்னால் உள்ளவர்கள் காத்திருப்பார்கள், அந்த மணிக்கணக்கு விழும், புரொடக்‌ஷன் மேனேஜர் சூப்பர்வைசரை எல்லோர் முன்னும் திட்டுவார். அதனால்தான் அவர் எழுப்பிப் பேசாமல் நின்ற இடத்திலிருந்து கத்துகிறார். எனவே இரண்டு லைனுக்கு ஒருவராவது, எந்த ஆபரேஷனிலும் உட்காரக்கூடிய மாற்று டெய்லர் வேண்டும். புதிய சூப்பர்வைசரின் முதல் மாதத்தில் மணிக்கணக்கை அவரிடம் கேட்காமல் ஃப்ளோர் இன்சார்ஜிடம் கேட்க வேண்டும். மேனேஜரும் அவரைத் திட்டுவதென்றால் ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டட்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் இந்த மூன்றையும் தன் உறுப்பினர்களிடம் வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பின்னலாடை லைன் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி அளிப்போர்,
திருப்பூர்