பெரிய மாமாவைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். "வீட்டில் யாருக்காவது மனநோய் உண்டா?" என்று டாக்டர் கேட்டதற்கு இல்லை என்றாயாம். உன் மேல் தப்பில்லை. நாங்கள் உனக்குச் சொன்னதே இல்லை.

உன் பெரிய மாமா மாரடைப்பில் போனது உண்மைதான். அதற்கு முன்னால் பட்டதைத்தான் மறைத்துவிட்டோம். முதலில் உன்னைப் போலவே மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். அப்புறம் ஓர் ஆடி மாதம் எழுந்தார் பார், ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, களைப்பும் இல்லை, ஓயாத பேச்சு. நிலத்தை அடமானம் வைத்து இரண்டு லாரிக்கு அட்வான்ஸ் கொடுத்தார். சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாத மனுஷன்! காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். அது பைபோலார், அதாவது சோர்வும் இப்படி அளவு மீறிய வேகமும் மாறி மாறி வரும் மனநோய் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. லித்தியம் என்ற மருந்து கொடுத்த பிறகே ஒரு நிலைக்கு வந்தார். என் கல்யாணம் நின்றுவிடும் என்று பாட்டி எல்லோர் வாயையும் அடைத்தார். நர்ஸ் வேலை பார்த்த நானும் அப்படியே இருந்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

வெறும் மனச்சோர்வும் பைபோலாரில் வரும் சோர்வும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 1966இல் சுவிட்சர்லாந்தில் ஜூல்ஸ் ஆங்ஸ்ட், ஸ்வீடனில் கார்லோ பெரிஸ் என்ற இரண்டு மனநல டாக்டர்களும் தனித்தனியே நோயாளிகளின் குடும்பங்களையும் விசாரித்துத்தான் இவை வேறு வேறு என்று காட்டினார்கள். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால், பைபோலார் உள்ள சிலரை அது லாரி வாங்கும் பக்கம் தூக்கிவிடும். அதற்காக நீயாக மாத்திரையை நிறுத்திவிடாதே, உடனே டாக்டருக்குப் போன் போடு.

மாமாவுக்கு இருந்ததால் உனக்கும் அதுதான் என்றில்லை. அப்படிப்பட்ட குடும்பத்திலும் சாதாரண மனச்சோர்வு வருவதுண்டு. ஆனால் இரண்டாம் வருட லீவில் நான்கு நாள் தூங்காமல் நீ ஒருவனே வீடு முழுக்க வெள்ளையடித்தாயே, ஞாபகமிருக்கிறதா? சுறுசுறுப்பான பிள்ளை என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். அதையும் சொல்லிவிடு.

மாமாவுக்கு லித்தியம் நன்றாகக் கேட்டது என்பதையும் விடாமல் சொல். ஒரே குடும்பத்தில் இன்னொருவருக்கும் அது கேட்பதுண்டு. அவருடைய பழைய மருந்துச் சீட்டெல்லாம் அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம். நாளைக்குப் போய் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அம்மா