மேலே வரும் தேதியை எழுது

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். "பத்து நாள் கடலுக்கடியில் இருப்பேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிட்டு நீ போய்விட்டாய். எனக்கு அதே நினைப்புதான்.

தம்பி போனில் அந்த அக்வாரியஸைக் காட்டினான். ஃப்ளோரிடாவில் கீ லார்கோ பக்கம், அறுபது அடி ஆழத்தில் ஓர் இரும்பு வீடு. ஆறு பேருக்கு அடுக்குப் படுக்கை. கீழே தண்ணீருக்குள் இறங்குகிற வாசல் திறந்தே இருக்குமாம், உள்ளே இருக்கிற காற்றழுத்தம்தான் கடலை ஏறவிடாமல் தடுக்கிறதாம். 1970லேயே சில்வியா எர்ல் என்கிற அம்மா, பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு இரண்டு வாரம் இப்படித் தங்கியிருக்கிறார். என் மகளும் பவளப்பாறையைப் படிக்க அப்படித் தங்கப்போகிறாள் என்று தாராவியில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

காதை ஈரமாக வைக்காதே. அங்கே அடுப்பு மூட்ட முடியாது, அந்த அழுத்தத்தில் நாக்குக்கு ருசியும் மட்டுப்படுமாம். பருப்புப்பொடி கொண்டு போ. காதைத் துடை.

மேலே வர மட்டும் 17 மணி நேரம் ஆகுமாமே? உடம்பெல்லாம் நைட்ரஜன் ஊறியிருக்கும், சட்டென்று வந்தால் ரத்தத்தில் குமிழ் கிளம்பும் என்றான் தம்பி. வந்த பிறகும் உடனே விமானம் ஏறக்கூடாதாம். அவசரம் என்று ஒன்று வந்தால் என்னம்மா செய்வாய்? சும்மாதான் கேட்கிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார். மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் கொஞ்சம் நிற்கிறார், அவ்வளவுதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுபோல் நிற்பார். பின்னால் வருகிறவர்களை "நீங்க போங்க" என்பார். இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு ஏறின மனுஷன். டாக்டர் ஏதோ டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் அவரிடம் கேட்காதே.

போன தீபாவளிக்கும் நீ வரவில்லை. வேலை இருக்கும், சரி. வருகிற வழியாவது திறந்திருக்கட்டும் என்றுதான் அம்மா நினைக்கிறேன்.

எந்தத் தேதி இறங்குகிறாய், எந்தத் தேதி மேலே வருகிறாய், எத்தனை நாள் கழித்து விமானம் ஏற விடுவார்கள், மூன்றையும் எழுது. டெஸ்ட்டை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கிறேன்.

அம்மா