காட்டைக் காக்கக் கூலி: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காட்டோரப் பட்டா நிலத்தை உழாமல் மரமும் புதருமாக விட்டுவைக்கும் உழவருக்கு ஆண்டுதோறும் பணம் கொடுக்கலாம் என்ற யோசனை அடிக்கடி பேசப்படுகிறது. யோசனையில் தப்பில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து மானாவாரிக் குடும்பத்துக்கு அந்தத் தொகையை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

மழை ஒத்துழைத்தால் ஒரு ஏக்கர் மானாவாரி ராகி ஏழு குவிண்டால் காணும். 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆக 34,202 ரூபாய். உழவு, விதை, களை, அறுப்பு, அடிப்பு என்று செலவைக் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்தைக் கொடுத்தால் உழவருக்கு நட்டமில்லை என்பது காகிதக் கணக்கு. ஆனால் கழித்த செலவில் கணிசமான பங்கு வீட்டாரின் சொந்த உழைப்பு. கூலி என்று எழுதினாலும் அது யாருக்கும் எண்ணிக் கொடுத்த பணமில்லை. கொல்லை நிலத்தை உழாமல் விட்ட மறுநாளே அந்தக் கைகளுக்கு வேறு வேலை இருந்தால்தான் அப்படிக் கழிப்பது சரி. இருபது வயதுப் பையன் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடுவான். ஐம்பது வயது அம்மாவை எந்தக் கம்பெனி ஏற்றிக்கொள்ளும்?

அடுத்தது தாள். நல்ல ஆண்டில் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு டன் ராகித் தாள் கிடைக்கும். பசுவுக்கு நாளைக்கு ஐந்தரைக் கிலோ உலர்தீவனம் என்றால் அது ஆறு மாதத் தீனி. தாள் போனால் மாடு போகும், மாடு போனால் சொசைட்டிப் பால் பணம் போகும், எருவும் போகும். மிச்சமுள்ள நிலத்தின் விளைச்சலும் குறையும். ராகிக்கு நடுவே சால் விட்டு விதைக்கும் அவரை, துவரையை யாரும் எடை போடுவதே இல்லை. வீட்டுக் குழம்புக்குப் பருப்பு அங்கிருந்துதான் வருகிறது.

சீனா 1999இல் சரிவு நிலங்களைக் காடாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் பணத்தைவிடத் தானியத்தையே பெரிதாகக் கொடுத்தது. யாங்சி ஆற்றுப் படுகையில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,250 கிலோ, மஞ்சள் ஆற்றுப் படுகையில் 1,500 கிலோ. நம் கணக்கில் ஏக்கருக்கு முறையே 910, 600 கிலோ. வீட்டுச் சோற்றுப் பானையை முதலில் நினைத்தது நல்ல புத்தி. காட்டு மரம் வைத்தவருக்கு இது எட்டு ஆண்டுக்கு. ஆனால் 2004இல் தானியம் பணமாக மாறியது. 2007இல் திட்டத்தை நீட்டித்தபோது தொகை பாதியானது. மரம் வளர்ந்துவிட்ட நிலத்தை அப்போது யார் திரும்ப உழ முடியும்?

யாருக்குக் கொடுப்பது என்பதும் சிக்கல்தான். கோஸ்டாரிகா 1997 முதல் காட்டுக்குப் பணம் கொடுக்கிறது. எரிபொருள் வரியில் ஒரு பங்கு இதற்குப் போகிறது. அங்கே காடு காக்கும் ஒப்பந்தத்துக்குக் குறைந்தது இரண்டு ஹெக்டேர் என்று வைத்தார்கள். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமையே 0.75 ஹெக்டேர் (2015-16 வேளாண் கணக்கெடுப்பு). அதே விதியை இங்கே எடுத்துவந்தால் பணம் மாந்தோப்புக்காரருக்கும், வெளியூரில் இருந்துகொண்டு நிலம் வாங்கிப்போட்டவருக்கும்தான். பட்டா இன்னும் தாத்தா பெயரில், கூட்டுப் பட்டாவில், உழுவது மூன்றாவது மகன், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு என்றிருக்கும் நிலம் இங்கே ஏராளம். பட்டாதாரர் வங்கிக் கணக்குக்குப் பணம் போனால் வாரக்காரருக்கும் களை எடுக்கும் பெண்களுக்கும் வெள்ளாடு மேய்ப்பவருக்கும் நட்டம் மட்டுமே பங்கு. எனவே பட்டாவோடு, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலையும் பார்க்க வேண்டும். கடைசி மூன்று பசலி (வருவாய் ஆண்டு) அடங்கலில் பயிர் இருந்த நிலத்துக்கு முதல் உரிமை தர வேண்டும். இல்லையென்றால் எப்போதும் உழாத கரட்டைக் காட்டிப் பணம் வாங்குவார்கள். காட்டில் ஒரு மரம்கூட அதிகமாகாது.

எல்லாவற்றையும்விடக் கெடுதல், துண்டு துண்டாகச் சேர்ப்பது. உழாமல் விட்ட கொல்லையை இரண்டு மழைக்குள் உண்ணிச்செடி (லண்டானா) மூடிவிடும். அது காட்டுப்பன்றிக்குப் பகல் தங்குமிடம். நடுவில் ஒரு ஏக்கர் திட்டத்தில் சேர, சுற்றிலும் ராகிக் கதிர் நிற்க, பணம் வாங்கியவர் வீட்டில் தூங்குவார், வாங்காதவர் பரண் மேல் விழித்திருப்பார். கார்த்திகை, மார்கழியில் ராகி முற்றும் நேரத்தில்தான் யானைக் கூட்டமும் வருகிறது. மறைவு ஊரை ஒட்டி வந்தால் அதுவும் ஊரை ஒட்டி நிற்கும். காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களை வரிசையாக, ஒரே தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கும் கூலி தனியாகத் தர வேண்டும். அந்த வேலையை நிலமில்லாத குடும்பங்களுக்கே கொடுக்கலாம்.

உகாண்டாவில் 2011 முதல் 2013 வரை 121 கிராமங்களில், காட்டை வெட்டாதவருக்குப் பணம் கொடுத்துப் பார்க்கும் சோதனை நடந்தது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 70,000 ஷில்லிங், அன்று சுமார் 28 டாலர். பணம் கொடுத்த கிராமங்களில் மரப்பரப்பு 4.2 சதவீதம் குறைந்தது, கொடுக்காதவற்றில் 9.1 சதவீதம். பலன் தெளிவு. ஆனாலும் தகுதியுள்ள காட்டு உரிமையாளர்களில் சேர்ந்தவர்கள் மூன்றில் ஒருவரே. நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்ற அச்சமும் அங்கே இருந்தது.

நம் ஊரில் அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1949 தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறிவித்த காட்டில் மரம் வெட்ட மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். ஆகவே ஒப்பந்தம் முடிந்தபின் நிலத்தை மீண்டும் உழலாம், தனியார் காடு என்று அறிவிக்க மாட்டோம் என்று தமிழில் எழுதி, கையெழுத்திட்ட ஒரு பிரதியை உழவரிடம் கொடுக்க வேண்டும். பணத்தையும் ஆண்டு முடிவில் ஆய்வு செய்தபின் மொத்தமாகத் தராமல், பாதியை ஆனியில் பள்ளி திறந்து கட்டணம் கட்டும் நேரத்திலும், மீதியைத் தை அறுவடை நாளிலும் தரட்டும். ஆண்டு முடிவுவரை காத்திருந்தால் அந்தப் பணம் வட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போகும்.

இப்படிக்கு,
காட்டோர உழவர்கள் சிலர்,
அஞ்செட்டி, கிருஷ்ணகிரி மாவட்டம்.